முப்பத்து நாலு பாகை

மேசையில் இரண்டு பெட்டி.
நீலம், டோஹாவிலிருந்து றிஸ்மியின் மச்சான்
சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தது.
மண்ணிறம், பெயர் உரிந்தது,
உப்புவெளியில் பியர்க் கணக்குக்கு ஈடாய்
ஓர் ஒல்லாந்துக்காரன் வைத்துவிட்டுப் போனது.
(கோட்டைக்குப் பிறகு அவர்கள் இங்கே விட்டுப்போன
உருப்படியான சாமான் இதுதான் என்பான் றிஸ்மி.)
என்னிடம் ஒன்றுக்குத்தான் காசு,
அதுவும் முழுசாய் இல்லை.

ஏகாம்பரம் வீதி, போன் திருத்துகிற கடை மாடி.
தர்மினி ஈயம் உருக்குகிறாள்.
ஃபான் சுத்துது, காற்று இல்லை.
"முதல் நீலத்த மிதி."

மிதித்தேன்.
கிற்றார்க்காரருக்கென்று செய்தது போல,
என் பேஸின் நாலாம் கம்பியில்
தோலை விட்டுச் சதையைத் தின்றது.
நெத்தலி பொரிகிற சத்தம் மேலே,
கீழே சட்டியே இல்லை.

"உள்ளுக்க ஒரு குட்டித் திருகு இருக்கு" என்று
மூடியைக் கழற்றி முழுசாய் முறுக்கினாள்.
அடிச்சத்தம் வந்தது.
வந்ததுதான் பிழை.
எதிர்க்கடைத் தையல்காரி புனிதமலர் அக்கா
அளவு நாடா கழுத்தில் கிடக்க
வாசலுக்கு வந்து
வானத்தைப் பார்த்தா.

கனநேரம் இல்லை. ஒரு மூச்சு.
பிறகு எங்கள் யன்னலைப் பார்த்து
"நீங்களோ, சனியனுகள்" என்று
சிரித்துக்கொண்டு உள்ளே போனா.
மெஷின் சத்தம் மட்டும்
கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கியது.
தர்மினி திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.
இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

மண்ணிறத்துக்குள்
தகரத் தொப்பி போட்ட இரண்டு ஜேர்மானியம்.
இருமியது. ஒரு சுரம் தொடங்கிப்
பாதியில் செத்தது.
"வெக்கைக்கு இது மயங்கும்.
இண்டைக்கு முப்பத்து நாலு பாகை.
குளிருக்கப் பிறந்த சாமான்
எங்கட மத்தியானத்த எப்பிடித் தாங்கும்?"
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
ஒன்றில் அலறிவிட்டு
மற்றதில் ஆ என்று கண்ணை மூடுவோமே,
அப்படித்தானாம் இதுவும்.
எந்தக் கிணற்றில் நிற்கிறது என்று பார்த்துத்தான்
வாய் திறக்கும்.

கீழே என் ஸ்கூட்டிக் கூடைக்குள் தலையை விட்டு
ஒரு புள்ளிமான்
நீலத்தின் மட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
றிஸ்மிக்குப் போன் அடித்தேன்.
"பெட்டி இல்லாட்டி என்ன, அரைவாசி தாவன்" என்றான்.

அரைவாசி.
எந்த வெக்கையிலும் ஒரே மாதிரிக் கத்துகிற பெட்டி.
என் மூளை கூட்டிக் கழித்தது,
அதுதானே அதன் தொழில்.
கொட்பேயில் ஐஸ் கொம்பனியில்
கணக்கெழுதுகிறவருக்கு
இவ்வளவு பிந்தி
ஐஸ் ஞாபகம் வந்திருக்கக்கூடாது.

மூலைக்கடைக் குளிர்ப்பெட்டியில்
நெக்டோ போத்தல்களுக்கு நடுவே
பொலித்தீனில் சுற்றி, பத்து நிமிசம்.
கடைக்காரர் கேட்டார், "மருந்தோ?"
"ஓம்" என்றேன்.

துடைத்து, செருகி, மிதித்தேன்.
வள்ளம் கரை தட்டி
எஞ்சினை நிப்பாட்டின பிறகும்
பலகையில் கொஞ்சம் மிச்சம் நிற்குமே ஓர் அதிர்வு,
உள்ளங்காலுக்கு மட்டும் தெரிகிறது,
அது.
ஓரமெல்லாம் பலாச்சுளையின் தும்பு.
தர்மினி ஈயக்கோலைக் கீழே வைத்தாள்.
யன்னலால் எட்டிப் பார்த்தோம்.
எதிரே தையல் மெஷின்
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை, நிலாவெளி ஹோட்டல்.
ட்ரம்ஸுக்குப் பின்னால் றெஜிபோம் பெட்டி,
பாரை மீன் மணம் இன்னும் போகவில்லை.
மூன்று பாட்டுக்குத் தாங்கும்,
நாலாவதில் இருமத் தொடங்கும்,
உடனே உள்ளே போட்டு மூடவேண்டும்.
றிஸ்மி கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடிக்கிறான்.
நீலத்தைக் கல்முனைப் பொடியன் ஒருவனுக்கு விற்றுவிட்டான்.
உள்ளே திருகு இருக்கிற கதையை
நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஐஸ், இரண்டு கட்டி.
கொம்பனிப் புத்தகத்தில்
அதையும் எழுதவில்லை.